முப்பத்திரண்டு அடி

பிப்ரவரி மழையில், கோஸ்போர்ட்டில் ஒரு படகு முற்றத்தில் நானும் மனைவியும் நின்றுகொண்டிருந்தோம். தண்ணீரிலிருந்து தூக்கி, மரக்கட்டைகளின் மேல் உட்காரவைத்து, இருபுறமும் இரும்புக் கால்களால் முட்டுக் கொடுத்திருந்த ஒரு பழைய பாய்மரப் படகு. அதன் வயிற்றைச் சர்வேயர் ஒருவர் சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனார். தட்டுவார், தலையைச் சாய்த்துக் கேட்பார், ஒரு சாண் தள்ளி மறுபடி தட்டுவார். நல்ல ஃபைபர்கிளாஸ் கணீரென்று பதில் சொல்லும். உள்ளே அடுக்குகள் பிரிந்திருந்தால் மொத்தென்று ஒரு சத்தம் வரும். அம்மா தேனிச் சந்தையில் மண்பானை வாங்குகிற அதே முறைதான்.

"இவருக்கு எவ்வளவு?" என்றாள் மனைவி.

"எழுநூறு பவுண்டு. படகைத் தூக்கின கிரேனுக்குத் தனியா."

"அத்தை சும்மாவே தட்டிப் பாத்துருவாங்க."

நான் கடலோரத்துக்காரன் இல்லை. தேனிப் பக்கம் பிறந்து வளர்ந்தவன். கடலை முதன்முதலில் பார்த்தது பதினொன்றாம் வகுப்புச் சுற்றுலாவில், ராமேஸ்வரத்தில். படகின் முன்பக்கத்துக்கு நம் கடற்கரையில் அணியம் என்று பெயர் இருப்பதைக்கூட நாவல் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். மென்பொருள் வேலைக்காக 2014-இல் சவுத்தாம்ப்டனுக்கு வந்தபோது, அலுவலகத்தில் பக்கத்து இருக்கைக்காரர் ஒரு புதன்கிழமை மாலை தன் படகில் ஆள் குறைகிறது என்று கூட்டிப்போனார். சும்மா ஒரு ஓரமாக உட்கார்ந்து கயிற்றைப் பிடித்திருந்தால் போதும் என்றார். எஞ்சினை நிறுத்தியதும் வந்த அந்த அமைதியைப் பற்றி ஏற்கெனவே நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், நான் எழுதவில்லை. அதற்கப்புறம் புதன்கிழமைகளில் நான் ஓவர்டைம் பார்த்ததில்லை.

படகுக் கிளப்பில் என்னைச் சந்திக்கும் ஒவ்வொருவரும் முதல் பத்து நிமிடத்துக்குள் ஒன்றைச் சொல்லிவிடுவார்கள். "கேட்டமரான் உங்க பாஷை வார்த்தைதானே?" ஆமாம், கட்டுமரம். எங்கள் வார்த்தைதான். ஆனால் கடல் தாண்டுகிற கேட்டமரானின் விலையில் தேனியில் ஒரு தெருவையே வாங்கலாம். வார்த்தைக்கு ராயல்டி வந்தால் யோசிக்கலாம் என்று நானும் பத்து வருடமாக அதே ஜோக்கைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

எங்களிடம் இருந்தது 24,000 பவுண்டு. அது படகுக்காகச் சேர்த்த பணம் இல்லை. செயற்கைக் கருத்தரிப்பில் இரண்டு சுற்று முடிந்திருந்தது. அடுத்த சுற்றுகளுக்கும், நடந்துவிட்டால் கொஞ்சம் பெரிய வீட்டுக்கும் என்று வைத்திருந்த பணம். இரண்டாவது சுற்று பத்தாவது வாரத்தில் முடிந்துபோனது. அதற்கு நாலைந்து மாதம் கழித்து ஒரு ராத்திரி, பாத்திரம் கழுவிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் கேட்டாள்.

"ஒரு வருஷம் கடல்ல போகணும் போகணும்னு சொல்லிட்டே இருப்பீங்களே, அதுக்கு எவ்வளவு ஆகும்?"

நான் பதில் சொல்லவில்லை. அன்று இரவே லேப்டாப்பைத் திறந்து ஒரு ஸ்ப்ரெட்ஷீட் தொடங்கினேன். அவளிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி எத்தனையோ இருந்தது. எனக்கு அப்போது செய்யத் தெரிந்தது அது ஒன்றுதான்.

*

மூன்று மாதத்தில் அந்த ஸ்ப்ரெட்ஷீட்டில் 43 படகுகளும் 19 பத்திகளும் சேர்ந்துவிட்டன. நீளம், அகலம், எடை, அடியில் இருக்கும் பாரத்தின் விகிதம், எஞ்சினின் வயது, விலை, விலையை நீளத்தால் வகுத்தால் என்ன, எடையால் வகுத்தால் என்ன. இந்தத் துறையில் சூத்திரங்களுக்குப் பஞ்சமில்லை. அதுவே என்னைப் போன்ற ஆட்களுக்குக் கேடு.

ஒரு சூத்திரத்தின் கதையை மட்டும் சொல்கிறேன். 1979 ஆகஸ்டில் ஃபாஸ்ட்நெட் பந்தயத்தில் 303 படகுகள் கிளம்பின. கெல்டிக் கடலில் புயல் பிடித்தது. முடித்தவை 85. இறந்த போட்டியாளர்கள் 15 பேர். 24 படகுகளைக் கைவிட்டு ஆட்கள் வெளியேறினார்கள், அவற்றில் மூழ்கியவை 5 மட்டுமே. மற்றவை ஆளில்லாமலே மிதந்துகொண்டிருந்தன. படகு நம்மை விடச் சாமர்த்தியசாலி என்று இதற்கு அர்த்தம் எடுத்துக்கொள்ளலாம், மனிதனின் நரம்புதான் முதலில் அறுகிறது என்றும் எடுத்துக்கொள்ளலாம். பந்தயத்தின் மிகச் சிறிய வகுப்பில் கிளம்பியவற்றில் ஒன்றே ஒன்றுதான் முடித்தது. 'அஸென்ட்' என்ற கான்டெஸ்ஸா 32. லிமிங்டனில் கட்டிய, 32 அடி, ஒல்லியான, தாழ்வான படகு. அதன் உரிமையாளர் வில்லி கெர் பிற்பாடு அதே படகில் ஆர்க்டிக்குக்கும் அண்டார்டிகாவுக்கும் போய்வந்தார்.

அந்தப் புயலுக்குப் பின்னால் நடந்த ஆராய்ச்சிகளில் வந்ததுதான் கவிழ்தல் சூத்திரம். படகின் எடையைப் பவுண்டில் எடுத்து 64-ஆல் வகுத்து, அதன் கனமூலத்தை எடுத்து, அகலத்தை அடியில் எடுத்து அதால் வகுக்க வேண்டும். 2-க்குக் கீழே வந்தால் கடலுக்குப் போகலாம். கான்டெஸ்ஸா 32-க்கு 1.79 வருகிறது. நிக்கல்சன் 32 என்ற இன்னொரு பழைய இங்கிலீஷ் படகுக்கு 1.55. இன்று கட்டப்படும் அதே நீளப் படகுகள் பலவும், உள்ளே அறை விசாலமாக இருக்க வேண்டும் என்று அகலம் கூட்டியதால், 2-ஐ ஒட்டி நிற்கின்றன.

இந்த எண்ணை வைத்து 43-ஐ 20 ஆக வெட்டினேன். பிறகுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை உறைத்தது, சூத்திரத்தில் எடை எங்கே இருக்கிறது என்பதே கிடையாது! கீலில் இருக்கும் பாரத்தையெல்லாம் தூக்கிப் பாய்மரத்தின் உச்சியில் கட்டினாலும் அதே 1.55 தான் வரும். கோடு எழுதுகிறவர்கள் இந்த மாதிரித் தவறைத் தினமும் பார்ப்போம். அளக்கச் சுலபமானதை அளந்துவிட்டு அதற்கு ஒரு பெரிய பெயர் வைப்பது. நானே என் அலுவலகத்தில் அப்படி இரண்டு டேஷ்போர்டு செய்திருக்கிறேன். எவ்வளவு தூரம் சாய்ந்தால் படகு திரும்பி நிமிராது என்ற கோணம்தான் நேர்மையான எண். கான்டெஸ்ஸா 32-க்கு அது 155 பாகை என்பார்கள், ஏறக்குறையத் தலைகீழாகப் போய்த் திரும்பி வரும். ஆனால் நாற்பது ஐம்பது வருடப் பழைய படகுகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்தக் கோணத்தை யாரும் அளந்து வைத்திருக்கவில்லை.

எங்கள் பட்டியலைக் கடைசியில் வெட்டியது சூத்திரம் இல்லை, பாஸ்போர்ட்.

இங்கிலீஷ்காரர்கள் எழுதிய கடற்பயணக் கையேடுகள் எதிலும் விசா என்ற அத்தியாயம் இருக்காது. இருந்தால் இரண்டு பத்தி. எங்களுக்கு இந்த நாட்டில் நிரந்தர வசிப்புரிமை உண்டு, கையில் இருப்பது இந்தியப் பாஸ்போர்ட். தொடர்ந்து 2 வருடத்துக்கு மேல் வெளியே இருந்தால் வசிப்புரிமை போய்விடும். ஆகவே உலகத்தைச் சுற்றுவது என்ற பேச்சே இல்லை. ஒரு வருடம், அட்லாண்டிக்கை ஒரு சுற்று. ஃபால்மத்திலிருந்து பிஸ்கே விரிகுடாவைத் தாண்டி ஸ்பெயின், போர்ச்சுகல், மதேரா, கேனரித் தீவுகள், கேப் வெர்டே, அங்கிருந்து இரண்டாயிரம் கடல் மைல் பார்படாஸ். மே மாதம் அஸோர்ஸ் வழியாக வீடு திரும்பல்.

ஐரோப்பிய ஒன்றியப் பாஸ்போர்ட் உள்ளவர்கள் வழக்கமாக என்ன செய்வார்கள் என்றால், ஜூலையிலேயே பிஸ்கேவைத் தாண்டிவிடுவார்கள். கோடையில் அது சாது. கரீபியப் புயல் பருவம் ஜூன் முதல் நவம்பர் முடிய. ஆகவே ஐந்து மாதம் போர்ச்சுகலிலும் கேனரியிலும் மீன் சாப்பிட்டுக்கொண்டு காத்திருந்து டிசம்பரில் மேற்கே திரும்புவார்கள். எங்களுக்கு அந்தக் கரை முழுக்க ஷெங்கன். 180 நாளில் 90 நாள்தான் இருக்கலாம். மதேராவும் கேனரியும் அதே கணக்கில்தான். ஜூலையில் போனால் அக்டோபரில் வெளியேற வேண்டும், அப்போது எதிரே புயல் பருவம் இன்னும் மூடியிருக்காது. பின்னாலிருந்து எண்ணிக்கொண்டே வந்தால் கிளம்ப வேண்டிய தேதி செப்டம்பர் முதல் வாரம். அட்லாண்டிக்கின் இலையுதிர்காலத் தாழ்வழுத்தங்கள் வரிசைகட்டத் தொடங்குகிற நேரம். ஃபால்மத்திலிருந்து லா கொருன்யா நானூற்றைம்பது கடல் மைல்கிட்ட. எங்கள் வேகத்துக்கு நாலு நாள். நாலு நாளுக்கு வானிலை அறிக்கையை ஓரளவு நம்பலாம், நாலாவது நாளை நம்ப முடியாது.

இதைக் கணக்குப் போட்டு முடித்த இரவு, லேசான, வேகமான, விலை மலிவான ஏழெட்டுப் படகுகளைச் சிவப்பில் அடித்தேன். ஐரோப்பிய ஒன்றியப் பாஸ்போர்ட் உள்ள ஒருவருக்கு அவை போதும். ஜூலையில் போவார். நாங்கள் செப்டம்பரில் போக வேண்டியவர்கள், எங்களுக்குக் கொஞ்சம் கனமாக வேண்டும்.

*

முதலில் பார்க்கப்போன படகை ஒரு தரகர் "கடல் தாண்டத் தயார்" என்று விளம்பரம் செய்திருந்தார். மூன்று மணி நேரம் ரயில். டெக்கில் கால் வைத்ததும் அமுங்கியது, ஈரமான மெத்தை மாதிரி. டெக்கின் இரண்டு ஃபைபர்கிளாஸ் தோலுக்கு நடுவே லேசாக இருக்கட்டும் என்று பால்சா மரம் வைப்பார்கள். ஒவ்வொரு ஆணித்துளை வழியாகவும் இருபது வருடம் மழை இறங்கினால் அது ஊறிப்போய்விடும். உள்ளே இறங்கினால் காளான் வாசனை. தரகர் கவலைப்படாமல் குஷன்களெல்லாம் புதுசு என்றார். மனைவி என்னிடம் தமிழில், "மாப்பிள்ளை வீட்ல பெயின்ட் அடிச்சிருக்காங்க" என்றாள். அவ்வளவுதான், அடுத்த ரயிலில் திரும்பிவிட்டோம்.

இரண்டாவது படகு கான்டெஸ்ஸா 32. அதைப் பற்றி எழுத எனக்கு இன்னும் கொஞ்சம் வலிக்கிறது. ஹாம்பிள் ஆற்றில் கட்டியிருந்தது. தண்ணீர்மட்டத்தில் இழுத்த ஒரு கோடு மாதிரி இருக்கும். உரிமையாளர் நேர்மையானவர், எல்லா ரசீதும் வைத்திருந்தார். ஒரு மணி நேரம் ஓட்டக் கொடுத்தார். காற்று கூடக் கூட அந்தப் படகு தோளைச் சாய்த்து இறங்கிப் போகிறது, பதறவே இல்லை. நான் அப்போதே முடிவு செய்துவிட்டேன். மனைவி உள்ளே இறங்கி, ஒவ்வொரு இருக்கையையும் தூக்கிப் பார்த்து, தரைப் பலகையைத் தூக்கிப் பார்த்து, மேலே வந்து கேட்டாள்.

"அரிசி எங்க வைக்கிறது?"

திரும்பி வரும்போது காரில் சண்டை. நான் ஃபாஸ்ட்நெட்டைச் சொன்னேன், 155 பாகையைச் சொன்னேன். அவள் தண்ணீர்த் தொட்டியைச் சொன்னாள். இரண்டு பேர், ஒரு நாளைக்கு ஆளுக்கு நாலு லிட்டர், இருபது நாள் என்று நினைத்த கடற்பயணம் இருபத்தைந்து ஆகலாம். 200 லிட்டர். அது மட்டும் 200 கிலோ. பிறகு டீசல், சங்கிலி, நங்கூரங்கள், உயிர்காப்புத் தெப்பம், கருவிகள், உதிரிப்பாகங்கள், மூன்று மாதச் சாப்பாடு, நாங்கள். ஒரு டன் ஆகிவிடும். கான்டெஸ்ஸாவின் எடையே 4.3 டன். கிட்டத்தட்ட கால்வாசியை அதன் முதுகில் ஏற்றப்போகிறோம். ஏற்கெனவே தாழ்வான படகு. அப்போது அந்த அழகான கோடு தண்ணீருக்குள் போய்விடும், அலையெல்லாம் டெக்கின் மேல் ஏறும். ஸ்ப்ரெட்ஷீட்டில் 19 பத்தி வைத்திருந்த நான் இந்த ஒரு வகுத்தலைப் போடவில்லை. வில்லி கெர் ஆர்க்டிக் போனாரே என்று இரண்டு வாரம் வாதாடினேன். "அவரு போனாரு. நமக்குச் சோறு வேணும்" என்று முடித்துவிட்டாள்.

யாரோ கேட்பீர்கள், ரஸ்லர் 36 வாங்கக்கூடாதா என்று. 2018 கோல்டன் குளோப் பந்தயத்தை வென்றது அந்த வகைப் படகு. அடுத்த பந்தயத்தில் நம் அபிலாஷ் டோமி இரண்டாவதாக வந்ததும் அதில்தான். 2018-இல் அவர் தென்னிந்தியப் பெருங்கடலில் முதுகெலும்பு உடைந்து மீட்கப்பட்டவர், நாலு வருடம் கழித்து மறுபடி அதே பந்தயத்துக்குக் கிளம்பியவர். அவர் பெயரை ஸ்ப்ரெட்ஷீட்டின் தலைப்பில் எழுதி வைத்திருந்தேன். அந்தப் படகின் விலை எங்கள் பணத்தை இரண்டு மூன்றால் பெருக்கினாலும் எட்டாது. பந்தயம் பிரபலமானதும் இன்னும் ஏறிவிட்டது. பழைய படகுச் சந்தையில் புகழுக்குத் தனி விலை உண்டு. அதே காலத்தில் அதே மாதிரிக் கவனத்தோடு கட்டிய, பந்தயத்தில் ஓடாத படகு பாதி விலைக்குச் சேற்றில் நிற்கும்.

அப்படி நின்றதுதான் மூன்றாவது. 1972-இல் கட்டிய நிக்கல்சன் 32. 6 டன் சொச்சம். முழுநீளக் கீல், அதன் பின்விளிம்பிலேயே சுக்கான், தனியாகத் துருத்திக்கொண்டு எதிலும் மாட்டி முறிய எதுவும் இல்லை. 2014-இல் 'சீக்கி ரஃபிக்கி' என்ற படகு ஆண்டிகுவாவிலிருந்து திரும்பும்போது அட்லாண்டிக் நடுவில் கீல் கழன்று கவிழ்ந்தது. நாலு பேர் போனார்கள். போல்ட்டில் தொங்கும் கீலைப் பார்த்தாலே அந்தச் செய்தி நினைவுக்கு வருகிறவன் நான். நிக்கல்சன் வேகத்தில் மந்தம். தண்ணீர்க்கோட்டின் நீளம் 24 அடிதான், அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால் உச்ச வேகம் மணிக்கு ஆறரைக் கடல் மைல், சராசரி நாலரை வந்தால் புண்ணியம். துறைமுகத்தில் பின்னோக்கி ஓட்டினால் எந்தப் பக்கம் போகும் என்பது அதற்கே தெரியாது.

உரிமையாளருக்கு 81 வயது. தரகர் கிடையாது. எங்களை உட்காரவைத்துத் தேநீர் கொடுத்துவிட்டு, பென்சிலால் எழுதிய ஒரு தாளைக் கொடுத்தார். படகில் என்னென்ன குறை என்று 17 வரி. பிற்பாடு எழுநூறு பவுண்டு வாங்கிய சர்வேயர் அதில் சேர்த்தது நாலே நாலு.

பின்னால் ஒரு சாதனம் மாட்டியிருந்தது. ஏரீஸ் என்று பெயர், காற்றால் இயங்கும் சுக்கானோட்டி. இந்தத் தீவுக்கு எதிரே இருக்கும் வைட் தீவின் கௌஸில் நிக் ஃபிராங்க்லின் என்பவர் அறுபதுகளின் கடைசியில் வடிவமைத்தது. பெரியவர் அதை விளக்கியபோது நான் மனைவியை மறந்தேன், மழையை மறந்தேன். மேலே ஒரு ப்ளைவுட் பலகை, காற்றின் திசைக்கு நேராக நிமிர்ந்து நிற்கும். படகு வழி மாறினால் காற்று அதன் பக்கவாட்டில் பட்டுப் பலகை சாயும். அந்தச் சாய்வு, கீழே தண்ணீரில் தொங்கும் ஒரு துடுப்பை லேசாகத் திருப்பும். திருப்புவதற்கு விரல்நுனி பலம் போதும். ஆனால் திரும்பிய துடுப்பை ஓடுகிற தண்ணீர் பிடித்துப் பக்கவாட்டில் வீசித் தள்ளும், அது ஆள் பலம். அந்த வீச்சு இரண்டு கயிறு வழியாகச் சுக்கான் கோலை இழுத்துப் படகை வழிக்குக் கொண்டுவரும். வந்ததும் பலகை நிமிரும், துடுப்பு நேராகும், இழுப்பு நிற்கும். படகு எவ்வளவு வேகமாகப் போகிறதோ அவ்வளவு பலம். மின்சாரம் வேண்டாம், தூக்கம் வேண்டாம். கல்லூரியில் கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பரில் நான் எடுத்தது 52. அன்று அந்தப் பாடம் முழுசாகப் புரிந்தது, ஒரு ப்ளைவுட் துண்டையும் இரண்டு கயிறையும் வைத்து.

இதற்குள் மனைவி உள்ளே போய்விட்டிருந்தாள். நான் இறங்கியபோது இடதுபக்க இருக்கையின் ஓரமாகக் கட்டிவைத்திருந்த ஒரு காக்கித் துணியை அவிழ்த்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். கீழ்விளிம்பு மெத்தைக்கு அடியில் திருகியிருந்தது, மேல்விளிம்பில் கயிறு. மேலே இழுத்துக் கட்டினால் இருக்கை ஒரு தூளி மாதிரி ஆகிவிடும்.

"உங்க பிள்ளைகளுக்கா?" என்று அவரிடம் கேட்டாள்.

"இல்லையம்மா, எனக்கு" என்றார் அவர். படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தே பத்து நாள் போகும், துணி கட்டாவிட்டால் தூங்குகிறவர் தரையில் கிடப்பார், எந்தக் கப்பலோடியும் கடலில் இப்படித்தான் தூங்குவான் என்றார். பிறகு, தன் மனைவிக்கு அது பிடிக்காது, அவர் அந்தப் பக்கம் தரையில் பாய் விரித்துப் படுப்பார் என்றும் சொன்னார். இங்கிலீஷில் "லீ கிளாத்" என்று எங்கள் இருவருக்கும் எழுத்துக்கூட்டிச் சொன்னார். மனைவி அந்தத் துணியைத் திரும்ப மடித்துக் கட்டினாள், கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டு. தைத்த நூல் இற்றுப்போயிருக்கிறது, மாற்ற வேண்டும் என்று மட்டும் தமிழில் சொன்னாள்.

சமையலிடம் படிக்குப் பக்கத்தில் இருந்தது, ஆட்டம் குறைவான இடம். அடுப்பு படகோடு சாயாமல் ஊசலாடும் வகை. பிரஷர் குக்கரைக் கொண்டுபோய் அளந்து பார்த்தோம். மூன்று லிட்டர் உட்கார்ந்தது, ஐந்து லிட்டர் இடித்தது.

*

கோஸ்போர்ட் மழைக்கு வருகிறேன். சர்வேயர் உள்ளே படுத்து, தண்ணீர் உள்ளே வெளியே போகும் வால்வு ஒன்றைக் கத்தியால் சுரண்டி, டார்ச் அடித்து எங்களைக் கூப்பிட்டார். சுரண்டிய இடம் இளஞ்சிவப்பு. இது வெண்கலம் இல்லை, பித்தளை என்றார். பித்தளையிலிருந்து துத்தநாகத்தைக் கடல்நீர் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும், செம்பு மட்டும் கடற்பஞ்சு மாதிரி மிஞ்சும். பார்க்க முழுசாக இருக்கும், உதைத்தால் உடையும். தண்ணீர்மட்டத்துக்குக் கீழே கட்டைவிரல் அகலத்தில் ஒரு ஓட்டை.

"புளியில ரொம்ப நேரம் ஊறுன பித்தளைச் சொம்பு செவந்து போகும்ல, அதுதான்" என்றாள் மனைவி. சர்வேயருக்கு அதை மொழிபெயர்க்க முயன்று பாதியில் விட்டுவிட்டேன்.

மற்றபடி அடியில் ஃபைபர்கிளாஸில் அரிசி அளவுக் கொப்புளங்கள், அந்தக் காலத்துப் படகில் இல்லாவிட்டால்தான் சந்தேகப்பட வேண்டும் என்றார். பாய்மரத்தைத் தாங்கும் எஃகுக் கம்பிகளுக்கு 19 வயது. பத்துப் பன்னிரண்டு வருடத்தைத் தாண்டினால் பல இன்ஷூரன்ஸ்காரர்கள் முகம் சுளிப்பார்கள். எஃகு துருப்பிடித்துச் சொல்லிவிட்டு அறுவதில்லை, முனைக்குள் மயிரிழை விரிசல் விட்டு ஒரு நாள் சட்டென்று போகும்.

விலை 14,500 சொல்லியிருந்தார். கம்பிகள் மாற்ற 3,200, வால்வுகள் 900 என்று சீட்டெழுதி 11,000-க்குக் கேட்டேன். பெரியவரிடம் பேரம் பேசுவது எனக்குக் கூச்சமாக இருந்தது, அவருக்கு இல்லை. ஒரு நாள் எடுத்துக்கொண்டு தொலைபேசினார். 11,500, ஏரீஸ் உங்களுக்கு, பித்தளைக் கடிகாரம் எனக்கு. சரி என்றேன்.

அம்மாவிடம் சொன்னபோது கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "படகா? மீன் புடிக்கவா?" என்றார். இல்லம்மா, சும்மா போக. "எஞ்சின் இருக்குல்ல?" இருக்கு. "பிறகு எதுக்குத் துணி?" பம்பாயில் தேக்கு மரத்தில் கட்டிய 32 அடிப் படகில்தான் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் 1969-இல் தனியாக, எங்கும் நிற்காமல் உலகத்தைச் சுற்றி முடித்தார், அந்தப் பந்தயத்தில் கிளம்பிய ஒன்பது பேரில் முடித்தது அவர் ஒருவர்தான் என்று சொல்லிப் பார்த்தேன். "மத்த எட்டுப் பேரு என்ன ஆனாங்க?" என்றார் அம்மா. பேச்சை மாற்றிவிட்டேன். குழந்தை விஷயத்தை அவர் கேட்கவில்லை. கேட்காமலிருக்க அவர் எவ்வளவு சிரமப்படுகிறார் என்பது போனிலேயே கேட்டது.

இப்போது ஸ்ப்ரெட்ஷீட்டில் வேறு கணக்கு. படகு 11,500. கம்பிகள், வால்வுகள் 4,100. புதுப் பெரிய பாய் 1,900. உயிர்காப்புத் தெப்பம் 1,100. அபாய அறிவிப்புக் கருவிகள் 900. சூரிய மின்தகடும் பேட்டரியும் 800. சங்கிலி 600. இன்ஷூரன்ஸும் முற்றத்து வாடகையும் 2,000. மொத்தம் 22,900. படகின் விலை பாதி, மிச்சப் பாதி அதைக் கடலுக்கு அனுப்ப. இதை எல்லாரும் சொல்வார்கள், வாங்கும்வரை யாருக்கும் காதில் ஏறாது. சாப்பாட்டுச் செலவுக்கு வேறு கொஞ்சம் சேமிப்பு இருக்கிறது. அலுவலகத்தில் ஒரு வருடச் சம்பளமில்லா விடுப்பு கேட்டிருக்கிறேன். மேலாளர் "சுவாரசியமாக இருக்கிறது" என்று பதில் அனுப்பியிருக்கிறார். இங்கிலீஷ்காரர்கள் அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்பது பத்து வருடமாகியும் எனக்குப் பிடிபடவில்லை.

மார்ச் கடைசியில் மருத்துவமனையிலிருந்து வருடாந்திரக் கடிதம் வந்தது. இரண்டாவது சுற்றில் மிஞ்சிய ஒன்று அங்கே உறைநிலையில் இருக்கிறது. இன்னும் ஒரு வருடம் வைத்திருக்க வேண்டுமானால் 350 பவுண்டும் இரண்டு பேர் கையெழுத்தும். கடிதத்தை ஃபிரிட்ஜின் மேல் காந்தம் வைத்து ஒட்டினேன். நானும் பேசவில்லை, அவளும் பேசவில்லை. மூன்றாம் நாள் ஸ்ப்ரெட்ஷீட்டைத் திறந்தபோது சங்கிலிக்குக் கீழே ஒரு புது வரி இருந்தது. "சேமிப்புக் கட்டணம் – 350". மொத்தம் 23,250 ஆகியிருந்தது. அவள் அந்தக் கோப்பில் அதற்கு முன்னால் எதையும் தொட்டதில்லை. நான் வரியை நிறம் மாற்றாமல், எந்தப் பிரிவிலும் சேர்க்காமல், இருந்த இடத்திலேயே விட்டேன். கடிதத்தில் அவள் கையெழுத்து ஏற்கெனவே இருந்தது.

போன சனிக்கிழமை படகில்தான் இருந்தோம். நான் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு கடைசிப் பித்தளை வால்வைக் கழற்றிக்கொண்டிருந்தேன். குழாய்ச் சாவியை ஒரு முறை அழுத்தியதும் பாதி கையோடு வந்துவிட்டது. மேலே மனைவி, தெரிந்தவரிடம் இரவல் வாங்கிய கனமான தையல் மெஷினை மேசையில் கவிழாமல் கட்டிவைத்து, காக்கித் துணிக்குப் பதில் புதுத் துணி தைத்துக்கொண்டிருந்தாள். கடைக்காரர் இரண்டு இருக்கைக்குத் தேவையான அளவு சொல்லியிருந்தார். கூடக் கொஞ்சம் வாங்கியிருந்தாள். மிச்சம் எதற்கு என்று கேட்டேன்.

"இருக்கட்டும்" என்றாள். "அந்த ஸ்பேனரை வச்சிட்டு இந்த முனையைக் கொஞ்சம் இழுத்துப் புடிங்க."